டச்சப் என்ற பெயரில் முகத்தை அழிக்காதீர்கள்

இறந்தவரின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட வருபவர்கள் ஒரு வாட்ஸப் படத்தைத்தான் கையில் கொண்டுவருவார்கள் என்பது ஸ்டுடியோக்காரர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அந்தப் படம் ஏதோ ஒரு செயலியில் ஏற்கெனவே ‘அழகாக்கப்பட்டு’ வருவதும், அசல் அழிக்கப்பட்டிருப்பதும் இப்போது வழக்கமாகி வருகின்றன. அண்மையில் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், பதினாறாம் நாள் காரியத்துக்காக அப்பத்தாவின் படத்தை 12க்கு 18 அங்குல அளவில் கேட்டது. பேரன் கைப்பேசியிலேயே படத்தைச் சரிசெய்து வைத்திருந்தார். நெற்றிச் சுருக்கங்கள் ஒன்றும் இல்லை. மூக்குத்திக் கல்லை ஏதோ புள்ளி என்று எண்ணிச் செயலி துடைத்துவிட்டிருந்தது. தண்டட்டியின் கனத்தில் நீண்டு தொங்கிய காதுமடலின் ஓட்டை, பின்னணியோடு குழைந்து பாதி அடைபட்டிருந்தது. திரையில் படத்தை விரித்ததும், “இது எங்க ஆத்தா மாதிரியே இல்லையே” என்று மகள் சொல்ல, “அண்ணே, பழையபடி மாத்திக் குடுத்துருங்கண்ணே” என்று பேரன் என்னைப் பார்த்தார்.

மாற்ற முடியாது. அழிந்த சுருக்கத்தைத் திரும்பக் கொண்டுவரும் பொத்தான் எந்த மென்பொருளிலும் இல்லை. விலை உயர்ந்த கணினியிலும் இல்லை. இந்த நிலையில் செய்யக்கூடியதெல்லாம் அசலைத் தேடுவதுதான். கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆகியிருந்த படமானால், அழித்த பின் 60 நாள் வரை அதன் குப்பைத்தொட்டியில் கிடக்கும். ஐபோனில் அண்மையில் அழித்தவற்றுக்கான பகுதியில் 30 நாள் வரை இருக்கும். ஐபோனின் சொந்த எடிட்டரில் செய்த திருத்தமானால் ‘ரிவர்ட்’ கொடுத்து மீளலாம். இவை எதுவும் இல்லையென்றால், படம் எடுத்தவுடன் எந்த உறவினருக்கு அனுப்பினீர்கள் என்று யோசித்து, அவர்களுடைய கைப்பேசியைப் பாருங்கள். பெரும்பாலும் சென்னையிலோ திருப்பூரிலோ இருக்கும் ஒரு சித்தப்பாவிடம் அது இருக்கும்.

இந்தத் தொழிலில் டச்சப் என்பது கணினியோடு வந்ததன்று. பிலிம் காலத்தில் நெகட்டிவின் மேல் ஒரு பூச்சுத் தடவி, ஊசிபோலச் சீவிய பென்சில் முனையால், பூதக்கண்ணாடி வைத்துப் புள்ளி புள்ளியாகச் சுருக்கங்களை நிரப்புவார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும் என்பதால், கை சற்று அழுந்தினால் முகத்தில் வெள்ளைத் திட்டு விழுந்துவிடும். அந்த அச்சமே அவர்களை நிதானமாக வேலை செய்ய வைத்தது. சுருக்கத்தின் கருமையைக் குறைப்பார்களே தவிர, சுருக்கத்தையே எடுத்துவிட மாட்டார்கள். இன்று விரலால் ஒரு கோட்டை வலப்புறம் இழுத்தால் முகம் முழுவதும் வழவழப்பாகிவிடுகிறது. அச்சமும் போய்விட்டது, நிதானமும் போய்விட்டது.

புதிதாகக் கற்பவர்கள் முதலில் பழக வேண்டியது, எதை எடுக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்ப்பதைத்தான். இரண்டு வாரத்தில் தானாக மறையக்கூடிய பரு, கொசுக்கடி, சவரக் காயம், ஒட்டிக்கொண்ட நூல், கலைந்து கண்ணில் விழுந்த மயிர் ஆகியவற்றைத் தாராளமாக எடுக்கலாம். மச்சம், தழும்பு, அம்மைவடு, பச்சை குத்திய புள்ளி போன்றவை அந்த மனிதரோடு இருப்பவை. அவரோ வீட்டாரோ கேட்டுக்கொண்டாலொழிய அவற்றைத் தொடக் கூடாது. நம் பள்ளி மாற்றுச் சான்றிதழில் ‘அங்க அடையாளங்கள்’ என்று எழுதப்படுவது பெரும்பாலும் ஒரு மச்சமோ தழும்போதான் என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள். முதியவர்களின் கருவிழி ஓரத்தில் தெரியும் சாம்பல் வளையத்தை அழுக்கு என்று எண்ணி, கறுப்பு பிரஷால் பூசிவிடுபவர்களும் இருக்கிறார்கள். வெற்றிலைக் காவி ஏறிய பல்லைக் காகிதம் போல் வெளுப்பவர்கள் அதைவிட அதிகம். ஆயுள் முழுவதும் வெற்றிலை போட்டவருக்கு அப்படி ஒரு பல்வரிசை எங்கிருந்து வரும்?

இனி, எனக்கு மிகுந்த எரிச்சலைத் தரும் விஷயத்துக்கு வருகிறேன். “கொஞ்சம் கலரா ஆக்கிக் குடுங்க” என்று கேட்காத வாடிக்கையாளர் அரிது. கறுப்பாகத் தெரிவதுதான் படத்தின் குறை, வெளிச்சத்தை ஏற்றினால் அந்தக் குறை தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை மிக ஆழமாக ஊறிக் கிடக்கிறது. படத்தின் குறை தோலின் நிறத்தில் இல்லை. படம் எடுக்கப்பட்ட வெளிச்சத்தில் இருக்கிறது. நம் ஊர் விசேஷப் படங்கள் எங்கே எடுக்கப்படுகின்றன என்று பாருங்கள். வாசலில் கட்டிய ரோஸ் நிறச் சாமியானாவின் கீழ் நின்றால் முகம் முழுவதும் ரோஸ் ஏறும். பச்சைத் துணிப் பந்தலின் கீழ் நின்றால் நோயாளியின் முகமாகத் தெரியும். மண்டபத்துக்குள் ஒரு பக்கம் டியூப் லைட்டும் மறு பக்கம் மஞ்சள் அலங்கார விளக்கும் எரிந்தால் கன்னத்துக்குக் கன்னம் நிறம் மாறும். இதைத்தான் ‘கறுத்துப் போச்சு’ என்று கொண்டுவருகிறார்கள். அந்த நிறச்சாயலை எடுத்துவிட்டால், வெளிச்சத்தை ஒரு புள்ளிகூட ஏற்றாமலேயே மாநிறமும் கருநிறமும் அவற்றுக்குரிய செம்மையோடும் பளபளப்போடும் எழுந்து வரும்.

மாறாக, சாயலை விட்டுவிட்டு வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் என்ன நடக்கிறது என்பதை ஒரு முறையாவது உற்றுப் பாருங்கள். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் ஏற்கெனவே மினுங்கும் இடங்கள் முற்றிலும் வெளுத்து, அங்கே தோலின் தடயமே இல்லாமல் போகும். நெற்றி வெளுக்க வெளுக்க விபூதிக் கீற்று அதிலேயே கரைந்துவிடும். தாடையின் கீழுள்ள நிழல், நிழலாகவும் இல்லாமல் தோலாகவும் இல்லாமல் சாம்பல் பூத்துக் கிடக்கும். செயலிகளில் இருக்கும் வெளுப்பாக்கும் வசதி இன்னும் மோசம். அது தோலின் நிறத்தை அடையாளம் வைத்துக்கொண்டு அந்த நிறத்தின் அழுத்தத்தைக் குறைக்கிறது. நகையின் பொன்னிறமும் தோலின் நிறத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதால், முகம் வெளுக்கும்போது கழுத்திலுள்ள சங்கிலியும் வெளுத்து, தங்கம் பித்தளை போல ஆகிவிடுகிறது. முகத்தை மட்டும் தேர்ந்தெடுத்து வெளுப்பாக்கினால், கழுத்தும் கைகளும் பழைய நிறத்திலேயே நின்று, வேறொருவர் உடம்பில் தலையை ஒட்டிவைத்தது போலத் தெரிகிறது. நான்கு வழிச்சாலை ஓரத்துக் காதணி விழாப் பதாகைகளைப் பார்த்தால் இதற்கு வேறு சாட்சி வேண்டாம். தாய்மாமன்கள் அத்தனை பேருடைய கைகளும் ஒரு நிறம், முகங்கள் ஒரு நிறம்.

சாயலை எடுப்பதற்குப் படத்தில் நிறச்சார்பில்லாத, அதாவது வெறும் வெள்ளையாகவோ சாம்பலாகவோ உள்ள ஓர் இடத்தை மென்பொருளின் சொட்டுக்குழாய்க் குறியால் தொட்டுக் காட்ட வேண்டும். வெள்ளை வேட்டியைத் தொட்டால் சரியாகிவிடும் என்று இணையத்தில் கற்றவர்கள் நினைக்கிறார்கள். சொட்டு நீலம் போட்டு அலசிய வேட்டி வெள்ளையன்று, இளநீலம். அதைத் தொட்டால் மென்பொருள் அந்த நீலத்தை ஈடுகட்ட முயன்று படம் முழுவதையும் மஞ்சளாக்கிவிடும். சாம்பல் நிறச் சிமெண்டுத் தரை, எவர்சில்வர் தூக்கின் மினுங்காத பக்கம், நரைத்த தாடி என்று எது கிடைக்கிறதோ அதைத் தொட்டுப் பாருங்கள். ஒன்றுக்கு இரண்டு இடங்களில் தொட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே விடை தருகின்றனவா என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

வேலையை எப்படிச் செய்வது என்பது ஒன்றும் மலைக்கத் தக்கதன்று. போட்டோஷாப் வாங்க முடியாதவர்களுக்கு ஜிம்ப் இலவசமாகக் கிடைக்கிறது; கணினியில் எதையும் நிறுவ விரும்பாதவர்கள் உலாவியிலேயே ஃபோட்டோபீயைத் திறந்துகொள்ளலாம். படத்தைத் திறந்தவுடன் அதற்கு ஒரு நகல் எடுத்து, வேறு பெயரில் சேமித்து, அந்த நகலில் மட்டும் கை வையுங்கள். நகலிலும் நேரடியாகத் தீட்டாமல், மேலே வெற்று லேயர் (கண்ணாடித்தாள் போன்ற ஓர் அடுக்கு) ஒன்றை வைத்து, கீழேயுள்ள லேயரிலிருந்தும் மாதிரி எடுக்கும்படி ஹீலிங் பிரஷின் அமைப்பை மாற்றிக்கொண்டு வேலை செய்யுங்கள். 2002இல் போட்டோஷாப் 7இல் வந்த இந்த ஹீலிங் பிரஷுக்கும் அதற்கு முன்பே இருந்த குளோன் ஸ்டாம்புக்கும் உள்ள வேறுபாட்டைப் புரிந்துகொண்டாலே பாதி வேலை முடிந்த மாதிரி. குளோன் ஓர் இடத்தை அப்படியே பெயர்த்து இன்னோர் இடத்தில் ஒட்டும். ஹீலிங், எடுத்த இடத்தின் தோல் நயத்தை மட்டும் கொண்டுவந்து, வைக்கும் இடத்தின் நிறத்தோடும் வெளிச்சத்தோடும் கலந்துவிடும். ஆகவே கன்னத்துப் பருவுக்கு ஹீலிங் பிரஷ். தலைமுடியும் வானமும் சந்திக்கும் ஓரம், சட்டைக் காலரின் விளிம்பு போன்ற இடங்களுக்குக் குளோன். விளிம்பில் ஹீலிங் வைத்தால் பக்கத்து நிறம் கசிந்து கறை விழும். பிரஷின் அளவு பருவைவிடச் சற்றே பெரிதாக இருந்தால் போதும். கன்னத்துத் தோலை நெற்றியிலிருந்து எடுக்காதீர்கள்; இரண்டின் துளைகளும் வெவ்வேறு.

கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தையும் ஆழமான சுருக்கங்களையும் தனி லேயரில் முழுமையாக நீக்கிவிட்டு, பின்பு அந்த லேயரின் ஒப்பாசிட்டியை, அதாவது அது கீழுள்ளதை மறைக்கும் அளவை, 40, 50 சதவிகிதத்துக்குக் குறையுங்கள். மனிதர் அவராகவே இருப்பார், நன்றாகத் தூங்கி எழுந்தவராகத் தெரிவார். டச்சப்பிடம் அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. தோல் முழுவதற்கும் ப்ளர் கொடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கைப்பேசித் திரையில் அது பட்டுப்போல் தெரியும்; 12க்கு 18இல் பிரிண்ட் போட்டால் மெழுகு பொம்மை. படத்தை நூறு சதவிகிதம் பெரிதாக்கி வேலை செய்யும்போது, சற்றைக்கொரு தடவை முழுப் படமாகச் சுருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இரவு பதினோரு மணிக்கு முடித்த வேலையை அப்போதே அனுப்பாமல் காலையில் ஒரு முறை பார்த்துவிட்டு அனுப்புவது இன்னும் நல்லது.

கைப்பேசித் திரை முழு வெளிச்சத்தில் காட்டுவதைத் தாள் ஒருபோதும் காட்டாது. பிரிண்ட் இருட்டாக வந்தது என்று வருந்துபவர்கள் பெரும்பாலும் திரையை நம்பியவர்களே. 4க்கு 6 அளவில் ஒரு சோதனைப் பிரிண்ட் போட்டுப் பகல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுப் பெரியதற்குப் போங்கள். ஃப்ளெக்ஸ் கடைக்காரர் தம் பங்குக்கு ஒரு முறை வெளிச்சம் ஏற்றுவார். ‘அப்படியே போடுங்கள்’ என்று வாயால் சொல்லிவிட்டு வருவது நலம்.

விண்ணப்பங்களுக்கான படங்களில் டச்சப்பே வேண்டாம். மதுரைப் பாஸ்போர்ட் சேவா கேந்திராவுக்குப் போகும் பெரியவர்களை அங்கேயே படம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதால் இங்கே சிக்கல் குறைவு. ஆனால் 4 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வெள்ளைப் பின்னணியில் எடுத்த படத்தை நாம்தான் கொண்டுபோக வேண்டும். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் இருக்கும் உறவினர்கள் அங்குள்ள இந்தியத் தூதரகங்கள் வழியாகப் பாஸ்போர்ட் புதுப்பிக்கும்போதும் படத்தைத் தாங்களே தர வேண்டியிருக்கிறது. அந்தப் படங்கள் மென்பொருளால் மாற்றப்படாதவையாக இருக்க வேண்டும் என்பது விதி. தாடையை ஒடுக்கி, கண்ணைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டு, பிறகு ‘ஏன் திருப்பி அனுப்பினார்கள்’ என்று கேட்பதில் பொருளில்லை. தேர்வு அறையில் நுழைவுச்சீட்டையும் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கும் கண்காணிப்பாளருக்கு முன்னால் நிற்கப்போவது உங்கள் பிள்ளைதான். பெண் பார்க்கும் படலத்துக்கு அனுப்பும் படத்துக்கும் இதுவே பொருந்தும்; மாப்பிள்ளை வீட்டார் நேரில் வரத்தானே போகிறார்கள்?

பழைய குடும்ப அட்டையிலோ வாக்காளர் அட்டையிலோ இருக்கும் தபால்தலை அளவுப் படம் ஒன்றைத் தவிர இறந்தவருக்கு வேறு படமே இல்லாத வீடுகள் நம் கிராமங்களில் ஏராளம். அதைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் தெளிவாக்கிக் கொண்டுவருகிறார்கள். அந்தச் செயலி மறைந்திருந்த விவரத்தைத் தோண்டி எடுப்பதில்லை. கணக்கற்ற பிற முகங்களைப் பார்த்துப் பழகியதை வைத்து, இங்கே இப்படி ஒரு கண் இருக்கலாம், இப்படி ஒரு பல் இருக்கலாம் என்று புதிதாக வரைந்து வைக்கிறது. படம் கூர்மையாக இருப்பதால் உண்மை என்று நம்பிவிடுகிறோம். அட்டையை நல்ல ஸ்கேனரில் அதிக ரெசல்யூஷனில் ஸ்கேன் செய்து, கீறல்களையும் முத்திரை மையையும் மட்டும் நீக்கி, சிறிய அளவிலேயே பிரிண்ட் போட்டுப் பெரிய சட்டத்தில் அகலமான வெள்ளை ஓரம் விட்டு வைத்துக்கொள்வதே என் பரிந்துரை. சற்று மங்கலாக இருந்தாலும் அது அவருடைய முகம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். வீட்டிலுள்ள பெரியவர்கள் நன்றாக இருக்கும்போதே, காலை ஒன்பது மணிக்கு முன் வீட்டுத் திண்ணையின் நிழலில் உட்காரவைத்து, பியூட்டி மோடை அணைத்துவிட்டு, தலைக்கு மேலும் தோளுக்குக் கீழும் இடம் விட்டு நான்கு படங்கள் எடுத்து வையுங்கள். எதையும் திருத்தாமல் ஒரு பிரதியைக் கூகுள் டிரைவிலும் இன்னொன்றைப் பென்டிரைவிலும் போட்டுவிடுங்கள். ஸ்டுடியோவுக்கு அனுப்ப நேர்ந்தால் வாட்ஸப்பில் படமாக அனுப்பாமல் ‘டாகுமெண்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரணமாக அனுப்பிய படத்தின் நீளப்பக்கம் பெரும்பாலும் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கிவிடுகிறது, 18 அங்குலத்துக்கு நல்ல பிரிண்ட் வேண்டுமானால் 5400 பிக்சல் தேவை. அனுப்பத் தெரியாவிட்டால் கைப்பேசியையே எடுத்துக்கொண்டு வாருங்கள், கேபிள் போட்டு நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.