மணக்கடவில் ஆற்றை அளப்பது எப்படி?

ஆனைமலையில் பிறக்கும் ஆழியாறு, மணக்கடவு தடுப்பணையைத் தாண்டியதும் கேரளத்துக்குள் நுழைந்து சித்தூர்ப்புழையாகிறது. கொழிஞ்சாம்பாறை, கோவிந்தாபுரம் எனத் தமிழ் பேசும் ஊர்கள் நிறைந்த சித்தூர் வட்டத்தின் நெல்லும் தென்னையும் இந்தத் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன.

தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970 மே 29 அன்று கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி, ஜூலை முதல் ஜூன் வரையான ஓராண்டில் மணக்கடவில் 7.25 டிஎம்சி தண்ணீர் கேரளத்துக்குக் கிடைக்க வேண்டும். அதாவது 725 கோடி கன அடி. ஆண்டு முழுவதும் பிரித்துப் பார்த்தால் விநாடிக்குச் சுமார் 230 கன அடி. ஆனால் நாற்று சராசரியைக் குடித்து வளர்வதில்லை. மழைக்காலத்தில் பெருகி வந்துவிட்டு, பயிர் வாடும்போது வறண்டு கிடந்தால் ஆண்டுக் கணக்கு சரியாக இருந்தும் வயல் காய்ந்துவிடும். அதனால்தான் எந்தப் பதினைந்து நாளில் எவ்வளவு என்பதைப் பற்றி இரு மாநில அதிகாரிகளும் கூட்டு நீர் ஒழுங்காற்று வாரியத்தில் அமர்ந்து பேசுகிறார்கள்.

ஓடும் ஆற்றை எப்படி அளப்பது? தடுப்பணையின் முகட்டுக்கு மேல் எத்தனை உயரத்தில் தண்ணீர் வழிகிறது என்று அளவுகோலில் பார்க்கிறார்கள். உயரம் இரண்டு மடங்கானால் வழியும் தண்ணீர் இரண்டு மடங்கல்ல, ஏறக்குறைய 2.8 மடங்காகும். உயரம் கூடும்போது தண்ணீரின் பரப்பு மட்டுமின்றி வேகமும் கூடுவதே காரணம். ஆகவே 30 செ.மீ. வழியும்போது கோலில் 2 செ.மீ. கூடுதலாகப் படித்துவிட்டால் கணக்கில் 10 சதவீதம் தண்ணீர் அதிகமாகிவிடும். அந்தத் தண்ணீர் ஆற்றில் இருக்காது! அளவை இரு தரப்பும் சேர்ந்து பார்ப்பது ஏன் அவசியம் என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டியதில்லை.

தண்ணீரைப் பங்கிடுவது, அளவைப் பகிர்வது என்ற இதே கேள்விகளில்தான் பன்னாட்டுச் சட்டமும் வந்து நிற்கிறது. நாடுகள் பகிரும் ஆறுகளைப் பற்றிய ஐ.நா.வின் 1997ஆம் ஆண்டு நீர்வழி உடன்படிக்கை 2014இல் நடைமுறைக்கு வந்தது. இந்தியா அதில் சேரவில்லை. அது நாடுகளுக்கிடையே மட்டுமே செல்லும். மாநிலங்களுக்கிடையிலான ஆற்றுநீர்த் தகராறுகளுக்கு அரசியலமைப்பின் 262ஆம் பிரிவும் அதற்கென இயற்றிய 1956ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. எனினும் ஆற்றை நியாயமாகப் பங்கிட்டுப் பயன்படுத்த வேண்டும் என்ற, பன்னாட்டுச் சட்ட அறிஞர்கள் வகுத்த 1966 ஹெல்சிங்கி விதிகளின் கருத்தை உச்ச நீதிமன்றமும் 2018 காவிரித் தீர்ப்பில் எடுத்தாண்டது.

ஐ.நா. உடன்படிக்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது, ஒரே ஆற்றைப் பகிரும் நாடுகள் நீர் விவரங்களைத் தவறாமல் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்னும் 9ஆம் பிரிவு. அதை நாம் அதிகாரிகளோடு நிறுத்திவிடக் கூடாது. மணக்கடவின் அன்றாட அளவு தமிழிலும் மலையாளத்திலும், சித்தூரின் கடைமடை விவசாயிக்கும் ஆனைமலை விவசாயிக்கும் ஒரே நாளில் தெரிய வேண்டும்.