ஹெல்மின்த் – ஒட்டுண்ணிப் புழு

புழு என்று பொருள்படும் ‘ஹெல்மின்ஸ்’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது ஹெல்மின்த். தமிழில் பெரும்பாலும் ‘குடற்புழு’ என்றே எழுதுகிறோம். கொக்கிப்புழு, உருளைப்புழு, சாட்டைப்புழு ஆகியவற்றுக்கு அது சரி. யானைக்கால் நோய்ப் புழு தங்குவதோ நிணநீர்க் குழாய்களில். சிஸ்டோசோமா என்ற தட்டைப்புழு ரத்தக் குழாய்களில். எல்லாமே ஹெல்மின்த்தான் என்பதால் ‘ஒட்டுண்ணிப் புழு’ என்பதே முழுப் பொருளையும் தாங்கும். ஒட்டி உண்பது ஒட்டுண்ணி. இடமும் பிழைப்பும் ஒரே சொல்லில் வந்துவிடுகின்றன. ‘கிருமி’யும் வடமொழியில் புழுவைக் குறித்ததுதான், ஆனால் இன்று அதைக் கேட்டால் பாக்டீரியாவும் வைரஸும்தான் நினைவுக்கு வரும். பேச்சில் ‘வயிற்றில் பூச்சி’ என்பது நல்ல வழக்கு, கட்டுரைக்கு மட்டும் குழப்பம்.

இந்தச் சொல் இப்போது நீரிழிவு ஆய்வுகளிலும் அடிபடுகிறது. உடல் பருக்கும்போது கொழுப்புத் திசுவில் மெல்லிய அழற்சி விடாமல் நீடிக்கும். இன்சுலினுக்குச் செல்கள் சரியாகச் செவிசாய்க்காமல் போக, அதாவது இன்சுலின் எதிர்ப்பு வர, அதுவும் ஒரு காரணம். புழு புகுந்தால் நோயெதிர்ப்பு வேறு பாதையில் திரும்புகிறது. நோயெதிர்ப்புச் செல்கள் செய்தி அனுப்பப் பயன்படுத்தும் புரதங்களான இன்டர்லூகின் 4, 5, 13 ஆகியவை கூடுகின்றன. ஈசினோஃபில் என்ற வெள்ளணுக்கள் கொழுப்புத் திசுவில் சேர்ந்து, அங்குள்ள மேக்ரோஃபேஜ்கள் என்ற விழுங்கு செல்களை அழற்சி தணிக்கும் வேலைக்குத் திருப்புகின்றன. அதிகக் கொழுப்பு உண்ட எலிகளுக்குப் புழுத்தொற்று வந்தபின் சர்க்கரையைக் கையாளும் திறன் மேம்பட்டதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது.

மனிதர்களிடமும் தடயம் உண்டு. இந்தோனேசியாவின் ஃபுளோரஸ் தீவில் அல்பெண்டசோல் என்ற புழு மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். புழு இருந்தவர்களிடம், மருந்துக்குப் பிறகு இன்சுலின் எதிர்ப்பு சற்று கூடியது.

இதைப் படித்துவிட்டுப் புழு மாத்திரையைத் தள்ளிப்போட வேண்டாம். கொக்கிப்புழு குடல்சுவரைக் கடித்துத் தொங்கியபடி ரத்தம் உறிஞ்சும். கடித்த இடத்தில் ரத்தம் உறையாமலிருக்க ஒரு பொருளையும் சுரக்கும். குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இதனால் வரும் ரத்தசோகை கடுமையானது. அதனால்தான் ஆய்வாளர்கள் புழு சுரக்கும் புரதங்களை மட்டும் பிரித்து மருந்தாக்க முடியுமா என்று பார்க்கிறார்கள்.

இதே வேரில் பிறந்த ஆன்டிஹெல்மின்திக் என்ற சொல்லுக்கு ‘புழுநீக்கி மருந்து’ என்று எழுதலாம். எல்லா மருந்தும் புழுவைக் கொல்வதில்லை. பைரான்டெல் அதை முடக்கிப் பிடியை விடவைக்கும், அப்புறம் மலத்தோடு வெளியேறிவிடும். ‘புழுக்கொல்லி’யைவிட ‘நீக்கி’ பொருந்துவது இதனால்தான்.