டிஜிட்டல் வாக்கி-டாக்கிக்குள் ஸ்வரம் எழுதும் ஆள்

பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "எங்கள் அபார்ட்மெண்டில் தீயணைப்புத் தொண்டர் குழு ஒன்று அமைத்திருக்கிறோம். கோடையில் சிலர் பந்திப்பூர் பக்கம் வனத்துறைக்கு உதவவும் போவோம். வாக்கி-டாக்கி வாங்க எஸ்.பி. ரோட்டுக்குப் போனால், 'அனலாக் எல்லாம் பழசு சார், டிஜிட்டல் வாங்குங்க, குரல் கண்ணாடி மாதிரி இருக்கும்' என்கிறார் கடைக்காரர். விலை இரண்டு மடங்கு. வாங்கலாமா?"

கடைக்காரர் சொல்வது கடைக்குள் உண்மைதான். பக்கத்தில் ஜெனரேட்டர் ஓடினால் கதை வேறு.

முதலில் அலைவரிசையை முடித்துவிடலாம். ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம், பள்ளியில் படித்ததுதான். 150 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் 2 மீட்டர். 446 மெகாஹெர்ட்ஸ் அலைக்குச் சுமார் 67 சென்டிமீட்டர். நீண்ட அலை மேடுகளைச் சற்று வளைந்து தாண்டும், இலை தழையில் குறைவாகக் கரையும். காட்டுக்கு அதுதான் தோது. குட்டை அலை சன்னல், மாடிப்படி என்று சிறிய திறப்புகளிலும் புகுந்து, சுவரில் பட்டுத் தெறித்துக் கட்டடத்துக்குள் பரவும். நம் நாட்டில் 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் உரிமம் இல்லாமலே பேசலாம் என்பதால் அபார்ட்மெண்டுக்கு இந்த 446தான், எது என்ற கேள்வியே இல்லை. மற்ற பெரும்பாலான அலைவரிசைகளில் பேச உரிமம் வேண்டும். இது தெரியாமல் ஆன்லைனில் வாங்கி மாட்டிக்கொள்கிறவர்கள் உண்டு. முறையான தகவல் இல்லாமல் வாக்கி-டாக்கி விற்ற தளங்களுக்கு 2025-இல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீசே அனுப்பியது. காட்டுக்குப் போனால் வனத்துறை கையில் கொடுக்கும் செட்டில் மட்டும் பேசுங்கள்.

அப்புறம், பெட்டியின் மேல் 'பத்து கிலோமீட்டர்' என்று போட்டிருப்பதை நம்ப வேண்டாம். நடுவில் ஒன்றுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு அது. உங்களுக்குத் தேவை இரண்டாம் அடித்தளத்திலிருந்து மொட்டை மாடி வரை.

இனி விஷயத்துக்கு வருவோம். அனலாக் செட்டில் மைக்கில் விழும் ஒலி எப்படி நெளிகிறதோ, அப்படியே ரேடியோ அலையின் அதிர்வெண்ணும் நெளியும். எதிர்முனை அந்த நெளிவைத் திரும்ப ஒலியாக்கும். உங்கள் குரலோ பம்பு செட்டின் இரைச்சலோ, அதற்கு எல்லாம் ஒன்றுதான்.

டிஜிட்டல் செட் உங்கள் குரலை அனுப்புவதே இல்லை. தொண்டையில் விரலை வைத்து 'ஆ' என்று சொல்லிப் பாருங்கள், அதிரும். 'ஸ்ஸ்' என்று சொன்னால் அதிராது, வெறும் காற்றுதான். மனிதப் பேச்சு முழுவதும் இந்த அதிர்வும் காற்றும் கலந்த கலவை. வாயும் நாக்கும் அதற்கு வடிவம் கொடுக்கின்றன. டிஜிட்டல் செட்டில் இருக்கும் 'வோகோடர்' என்ற நிரல் ஒவ்வொரு 20 மில்லி விநாடிக்கும் மூன்றே விஷயங்களைக் குறித்துக்கொள்கிறது: குரலின் சுருதி என்ன; ஒலியின் எந்தெந்த அலைப்பட்டையில் அதிர்வு, எதில் காற்று; ஒவ்வொரு பட்டையும் எவ்வளவு பலம். பரவலாக விற்கும் டிஎம்ஆர் (டிஜிட்டல் வாக்கி-டாக்கிக்கான ஒரு பொதுத் தரம்) வகைச் செட்களில் இந்தக் குறிப்புக்கு 49 பிட்தான், அதாவது 49 பூஜ்யம்-ஒன்றுகள்தான், இடம். விநாடிக்கு 2,450 பிட். வழக்கமான டிஜிட்டல் தொலைபேசி இணைப்பு இதே வேலைக்கு 64,000 பிட் எடுத்துக்கொள்ளும்! இருபத்தாறில் ஒரு பங்கில் மனிதக் குரலை அடக்கியிருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிலிர்க்கிறது. 1930-களில் பெல் ஆய்வகத்தில் ஹோமர் டட்லி தொடங்கிவைத்த வேலை இது.

பாட்டைக் கேட்டு ஒருவர் ஸ்வரம் எழுதி அனுப்புகிறார், எதிர்முனையில் இன்னொருவர் அதைப் பார்த்து ஆர்மோனியத்தில் வாசிக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாடகர் தனியாகப் பாடும்வரை பிரச்சினை இல்லை. பக்கத்தில் மரம் அறுக்கும் மெஷின் ஓடத் தொடங்கினால்? மெஷின் சத்தத்துக்கு ஸ்வரம் எழுதுபவரின் நோட்டில் தனி இடம் கிடையாது. அதையும் ஸ்வரமாகத்தான் எழுதியாக வேண்டும். மெஷினுக்கும் ஒரு சுருதி இருப்பதால் எது பாட்டு, எது மெஷின் என்று தடுமாறி, இரண்டுக்கும் நடுவே எதையோ எழுதிவைப்பார். எதிர்முனையில் கேட்பது இரைச்சலோடு கலந்த குரல்கூட இல்லை. தண்ணீருக்குள் கொப்பளிப்பது போன்ற ஓர் உளறல். அனலாக்கில் இரைச்சலும் குரலும் இரண்டுமே வரும். அவற்றைப் பிரித்தெடுக்கும் வேலையைக் கேட்பவரின் மூளை செய்துகொள்ளும். கல்யாண மண்டபத்தில் நாகஸ்வரத்துக்கு நடுவே பேசிப் பழகிய மூளை அல்லவா!

இது ஊகமில்லை. அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களிடமிருந்து புகார்கள் வந்தபின் அங்குள்ள அரசு ஆய்வகம் ஒன்று மரம் அறுக்கும் மெஷின், அபாய மணி போன்ற சத்தங்களோடு, முகமூடிக்குள்ளிருந்து பேசவும் வைத்துச் சோதித்து, 2008-இல் முடிவை வெளியிட்டது. பல சத்தங்களில் அனலாக்கைவிட டிஜிட்டல் பின்தங்கியது. அதன்பிறகு வோகோடர்களும் இரைச்சலை வடிகட்டும் நுட்பமும் தேறியிருக்கின்றன. ஆனால் விலை மலிவான செட்டில் அது எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதைச் செட்டைச் சோதிக்காமல் சொல்ல முடியாது. நம்மூர் டீசல் ஜெனரேட்டரையும் கன்னடம், தமிழ், இந்தி கலந்த பேச்சையும் வைத்து இந்தச் சோதனையைச் செய்யப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். ஒரு பொறியியல் கல்லூரிக்கு மோட்டார்பைக் விலையளவு நிதி கொடுத்தால் போதும். ஆனால் சோதித்துப் பார்க்கும் பழக்கம்தான் நமக்கு இல்லை. ஆயுத பூஜைக்குத் தீயணைப்பு உருளைகளுக்குச் சந்தனப் பொட்டு வைக்கிறோம்; அதன் அழுத்தமானி முள் பச்சையில் நிற்கிறதா என்று யார் பார்க்கிறோம்?

இன்னொரு வித்தியாசமும் உண்டு. தூரம் கூடக்கூட அனலாக்கில் கரகரப்பு ஏறும். எல்லை நெருங்குவது காதுக்கே தெரியும். டிஜிட்டல் கடைசிவரை தெளிவாகப் பேசிவிட்டுச் சட்டென்று ஊமையாகும்.

ஆக, உங்கள் குழுவுக்கு 446 மெகாஹெர்ட்ஸ் அனலாக் செட்டே போதும் என்பேன். டிஜிட்டல்தான் என்று மனம் போனால், இரண்டு செட்டை ஒரு நாள் இரவல் கேளுங்கள். ஒருவர் ஓடும் ஜெனரேட்டருக்குப் பக்கத்தில் நின்று ஃபிளாட் எண்களை வாசிக்கட்டும், இன்னொருவர் அடித்தளத்தில் கேட்டு எழுதட்டும். அப்புறம் மெஷினுக்கு முதுகைக் காட்டி, மைக்கை வாய்க்கு நாலு விரல் தள்ளிப் பிடித்து மறுபடி வாசியுங்கள். எந்த வகைச் செட்டானாலும் மதிப்பெண் ஏறும். கடைக்காரர் இரவல் தர மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். எஸ்.பி. ரோட்டில் கடைக்கா பஞ்சம்?