விட்டுப்போன கரண்ட்டைச் சேர்த்து வைக்க முடியுமா?

"நாளைக்குக் காதுகுத்து சார், வர முடியாது. நாளன்னைக்கு ரெண்டு நாளுக்கும் சேர்த்துக் கரண்ட் வெச்சிடுங்க." புற்றுநோய்க்குக் கொடுக்கும் கதிர்வீச்சு சிகிச்சையைத்தான் நோயாளிகள் "கரண்ட்" என்கிறார்கள். கதிரியக்கப் பிரிவில் டோஸ் கணக்குப் போடும் மருத்துவ இயற்பியலாளராக வேலை பார்க்கும் எனக்கு இது பழகிப்போன வேண்டுகோள். கேட்பவர்கள்மேல் தப்பில்லை, கணக்கை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை.

வாய், தொண்டைப் புற்றுநோய்க்கு வழக்கமான அளவு 70 கிரே (கிரே என்பது உடல் வாங்கும் கதிர்வீச்சின் அளவு). தினம் 2 கிரே, வாரம் 5 நாள், மொத்தம் 35 தடவை. ஒரே நாளில் 4 கிரே கொடுத்தால் விளைவு இரட்டிப்பாவதோடு நிற்காது. நாங்கள் போடும் கணக்கு இது: மொத்த டோஸ் × (1 + ஒரு தடவை டோஸ் ÷ ஆல்ஃபா-பீட்டா விகிதம்). ஒரு தடவை டோஸ் பெரிதானால் திசுவுக்கு அடி எவ்வளவு கூடும் என்பதைக் காட்டும் எண்தான் இந்த விகிதம்; எண் சிறியதென்றால் அடி அதிகமாகக் கூடும். வேகமாக வளரும் கட்டிக்கு அது சுமார் 10. மாதங்கள் கழித்துப் பாதிப்பைக் காட்டும் நல்ல திசுக்களுக்குச் சுமார் 3. இரண்டு நாளாகப் பிரித்துக் கொடுப்பதைவிட ஒரே தடவையில் 4 கிரே கொடுத்தால் கட்டிக்கு அடி ஏறக்குறைய 17 சதவீதம் கூடும். நல்ல திசுவுக்கோ 40 சதவீதம் கூடும். நல்ல திசுவின் வரம்பைத் தாண்டாமல் கட்டிக்கு எவ்வளவு ஏற்ற முடியும் என்று தேடினால், இந்தக் கட்டிகளுக்கு வரும் விடை சின்னச் சின்னப் பங்குகள்தான்.

சரி, அப்படியானால் விட்ட நாளைக் கடைசியில் சேர்த்துக்கொள்ளலாமே? அதிலும் சிக்கல் உண்டு. சிகிச்சை தொடங்கிச் சுமார் நாலு வாரம் கழித்து, தப்பிப் பிழைத்த செல்கள் வேகமாகப் பெருகத் தொடங்குகின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் அதன்பிறகு நீளும் ஒவ்வொரு நாளுக்கும் சுமார் 0.6 கிரே கூடுதலாகத் தேவைப்படும் என்று 1988-இல் விதர்ஸ் என்ற ஆய்வாளரின் குழு கணக்கிட்டது. டென்மார்க்கில் அதே மொத்த டோஸை வாரம் 5 தடவைக்குப் பதில் 6 தடவையாகக் கொடுத்து ஒரு வாரம் முன்னதாக முடித்துப் பார்த்தார்கள். கட்டி கூடுதலாகக் கட்டுப்பட்டது. முடிவு 2003-இல் வெளியானது.

மார்பகத்தில் கதையே வேறு. அங்கே கட்டியின் விகிதமும் நல்ல திசுவின் விகிதமும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஒரு தடவை டோஸைப் பெரிதாக்கினாலும் நல்ல திசுவுக்கு மட்டும் அடி கூடுதலாக விழாது. அதனால் பிரிட்டனில் 25 தடவை 15 ஆனது. 2020-இல் வெளியான ஆய்வில் 26 கிரேயை ஒரே வாரத்தில் 5 தடவையாகக் கொடுத்தும் கட்டுப்பாடு குறையவில்லை. ஆகவே "பக்கத்து பெட் அக்காவுக்கு அஞ்சு நாள்தானே" என்று ஒப்பிட்டுக் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

லீவு போடுவதைத் தவிர்க்கவே முடியாதென்றால் முன்கூட்டியே சொல்லுங்கள். சனிக்கிழமை வைக்கலாம், இல்லாவிட்டால் ஒரே நாளில் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளிவிட்டு இரண்டு தடவை வைக்கலாம். கடைசி வாரத்தில் வந்து சொன்னால் இதற்கெல்லாம் நாள் மிஞ்சாது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்றால் உள்கதிர்வீச்சையும் (கதிர்மூலத்தை உடலுக்குள்ளேயே வைத்துக் கொடுப்பது) சேர்த்து 8 வாரத்துக்குள் முடிக்கப் பார்ப்போம். மெஷினில் வெளியிலிருந்து கொடுக்கும் வெளிக்கதிர் முடிந்ததுமே ஊருக்குப் போய் நின்றுவிடுகிறவர்கள் அதிகம்.

அப்புறம், மெஷின் ரிப்பேர், நாலு நாள் தொடர் விடுமுறை என்று எங்கள் பக்கமும் நாள் போகும். அப்போது "விட்டதை எப்படி ஈடுகட்டப் போறீங்க?" என்று தயங்காமல் டாக்டரிடம் கேளுங்கள்.