வாஷிங்டன் சண்டைக்கும் உங்கள் காரின் ஸ்மாக் செக்குக்கும் சம்பந்தமில்லை

கலிபோர்னியாவில், சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றியுள்ள பே ஏரியா பக்கம், ஸ்மாக் செக் நிலையம், அதாவது கார்களின் புகையைச் சோதிக்கும் நிலையம், நடத்துகிறேன். வாடிக்கையாளர்களில் நம்மவர்கள் நிறைய. 2025 ஜூனுக்கு அப்புறம் வருகிறவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணா, கலிபோர்னியா எமிஷன் சட்டத்தைத்தான் ட்ரம்ப் தூக்கிட்டாரே, இன்னும் எதுக்கு இந்த டெஸ்ட்?" கேள்வியோடு நின்றால் பரவாயில்லை, பொறுமையாகப் பதில் சொல்வேன். ஆனால் அண்மையில் ஒரு தம்பி, புகையிலுள்ள விஷத்தைக் குறைக்கும் கருவியான கேட்டலிடிக் கன்வர்ட்டரைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் வெறும் குழாயை வெல்டிங் வைத்து, இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் மாற்றி டியூன் செய்துகொண்டு வந்து நின்றார். இனிமேல் இதெல்லாம் சட்டப்படி சரி என்று யாரோ வீடியோவில் சொன்னார்களாம். எல்லாவற்றையும் பழையபடி மாட்ட அவருக்கு ஆகப்போகும் செலவைச் சொன்னபோது அந்தப் பையனின் முகத்தைப் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் எது ரத்தானது என்று பார்ப்போம். ரத்தானது புதிய வண்டிகளுக்குத் தனி விதி போடக் கலிபோர்னியாவுக்குக் கொடுத்த விலக்கு. அமெரிக்காவில் புதிய வண்டிகளுக்கான புகை விதிகளை மத்திய அரசுதான் போடும், மாநிலங்கள் போடக் கூடாது. கலிபோர்னியாவுக்கு மட்டும் விலக்கு உண்டு. லாஸ் ஏஞ்சலிஸில் கண்ணை எரித்த புகைமூட்டத்துக்குக் கார் புகையும் வெயிலும் சேர்ந்துதான் காரணம் என்று 1950-களில் ஹாகன்-ஸ்மிட் என்கிற விஞ்ஞானி கண்டுபிடித்தார். வாஷிங்டன் விழிப்பதற்கு முன்பே இந்த மாநிலம் சொந்தமாக விதி போட ஆரம்பித்துவிட்டது. அதனால் சட்டத்திலேயே அதற்கு இடம் விட்டார்கள்: கலிபோர்னியா கடுமையான விதி போடலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் மத்தியச் சுற்றுச்சூழல் முகமையான ஈபிஏவிடம் விலக்கு வாங்க வேண்டும். மற்ற மாநிலங்கள் மத்திய விதியை வைத்துக்கொள்ளலாம், இல்லையென்றால் கலிபோர்னியா விதியை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக ஒன்றை உருவாக்க முடியாது. நியூயார்க், நியூ ஜெர்சி எல்லாம் கலிபோர்னியா பக்கம் போனவை.

சண்டை கார்பன் டை ஆக்சைடில்தான் ஆரம்பித்தது. 2002-ல் கலிபோர்னியா அதற்கும் கட்டுப்பாடு வேண்டும் என்று சட்டம் போட்டது. இது உலகம் முழுவதுக்குமான பிரச்சினை, உங்கள் ஊருக்கு மட்டும் தனியாக என்ன வந்தது என்பது எதிர்த்தரப்பு வாதம். வெப்பம் கூடினால் நாம் சுவாசிக்கும் காற்றில் நுரையீரலைக் கெடுக்கும் ஓசோனும் கூடும், காட்டுத்தீயும் கூடும், மலைப்பனி குறையும் என்பது மாநிலத்தின் வாதம். நாடு முழுக்க ஒரே விதி இருந்தால் வசதி என்று கார் கம்பெனிகள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் காற்று மாசுக்குப் பேர்போன இங்குள்ள சான் வாக்கின் பள்ளத்தாக்கில் கோடைக் காற்றைச் சுவாசித்தவன் என்கிற முறையில் நான் மாநிலத்தின் பக்கம்தான்.

அப்புறம் நடந்ததைக் கொஞ்சம் வரிசையாகப் பாருங்கள். 2007-ல் பசுங்குடில் வாயுக்களும் சட்டப்படி காற்று மாசுதான் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே ஆண்டு டிசம்பரில் புஷ் காலத்து ஈபிஏ, கலிபோர்னியாவின் கார்பன் டை ஆக்சைடு விதிக்கு விலக்கை மறுத்தது. 2009-ல் ஒபாமா அரசு கொடுத்தது, 2013-ல் அடுத்த கட்ட விதிகளுக்கும் கொடுத்தது. 2019-ல் ட்ரம்ப் அரசு பறித்தது. 2022-ல் பைடன் அரசு திருப்பிக் கொடுத்தது. 2035-லிருந்து விற்கும் புது கார்கள் எல்லாம் மின்சார கார் போலப் புகையில்லாதவையாக இருக்க வேண்டும் என்ற புது விதிக்கும் 2024 டிசம்பரில் விலக்கு கிடைத்தது. 2025 ஜூன் 12 அன்று, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் நிறைவேற்றிய தீர்மானங்களில் ட்ரம்ப் கையெழுத்துப் போட்டு அதை ரத்து செய்தார். விலக்கு என்பது அப்படி ரத்து செய்யக்கூடிய 'விதி'யே இல்லை என்று அதன் மேலவையான செனட்டின் நடைமுறை அதிகாரியே சொல்லியும் செய்தார்கள். கலிபோர்னியாவும் வேறு 10 மாநிலங்களும் அன்றே வழக்குப் போட்டன.

இத்தனை முறை கொடுத்தும் பறித்தும் இருக்கிறார்களே, இதில் எந்த ஒரு முறையாவது உங்கள் ஸ்மாக் செக் நின்றதா? ஒரு முறைகூட இல்லை.

ஏனென்றால் அந்த விதிகள் உங்கள் காருக்கானவையே இல்லை. கார்பன் டை ஆக்சைடு அளவு என்பது ஒரு கம்பெனி விற்கும் புது வண்டிகள் எல்லாவற்றின் சராசரி, மைலுக்கு இத்தனை கிராம் என்று. உங்கள் தனிப்பட்ட வண்டிக்கு அப்படி ஒரு வரம்பே கிடையாது. 2035 விதியும் புது வண்டி விற்பனையைப் பற்றியதுதான். அதில்கூட 20 சதவீதம் வரை பிளக்-இன் ஹைபிரிட், அதாவது சார்ஜ் செய்தும் பெட்ரோலிலும் ஓடும் வண்டிகள், விற்கலாம் என்று இருந்தது. ஓட்டிக்கொண்டிருக்கும் பெட்ரோல் காரை யாரும் பிடுங்கப் போவதாக எந்தக் காலத்திலும் சொல்லவில்லை.

எனக்குப் பொறுக்கவே முடியாத குழப்பம் ஒன்று இருக்கிறது. கார்பன் டை ஆக்சைடும் ஸ்மாக் செக்கும் ஒன்று என்று நினைக்கிறார்கள். ஒன்று இல்லை! நான் ரோலரில் ஏற்றிச் சோதிக்கும் பழைய வண்டிகளில் பார்ப்பது ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு. இயந்திரம் கார்பன் டை ஆக்சைடையும் அளக்கும்தான், ஆனால் அதை வைத்து யாரையும் ஃபெயில் செய்வதில்லை. சொல்லப்போனால் இன்ஜின் ஒழுங்காக எரிந்தால் அந்த எண் நன்றாக மேலேதான் இருக்கும், அது குறைந்தால்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். ஒரு கேலன் பெட்ரோல் எரிந்தால் கிட்டத்தட்ட 8.9 கிலோ கார்பன் டை ஆக்சைடு வந்தே தீரும், எந்தக் கன்வர்ட்டரும் அதைத் தடுக்காது. கன்வர்ட்டரின் வேலையே விஷமான கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடாக மாற்றுவதுதான். ஆக, கார்பன் டை ஆக்சைடு விதி போய்விட்டது என்று சொல்லிக் கன்வர்ட்டரைக் கழற்றுகிறவர், அந்த விதிக்குச் சம்பந்தமே இல்லாத பொருளைக் கழற்றிவிட்டு, பின்சீட்டில் உட்காரும் தன் பிள்ளையையும் பக்கத்து வண்டிக்காரரின் பிள்ளையையும் விஷப் புகையைச் சுவாசிக்க வைக்கிறார்.

இன்னொன்று, கன்வர்ட்டரைக் கழற்றக் கூடாது என்பது மாநிலச் சட்டம் மட்டும் இல்லை. புகைக் கட்டுப்பாட்டுக் கருவியைத் தெரிந்தே கழற்றுவது மத்தியச் சட்டத்துக்கே விரோதம், அரிசோனாவிலும் டெக்ஸாஸிலும்கூட.

சரி, என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது.

வண்டிப் பதிவைக் கவனிக்கும் மாநிலத் துறையான டிஎம்வியின் நோட்டீஸில் ஸ்மாக் செக் வேண்டும் என்று இருந்தால் வேண்டும், அவ்வளவுதான், அதில் அரசியல் இல்லை. 2021 ஜூலையிலிருந்து இன்ஜின் கம்ப்யூட்டரின் மென்பொருளையும் சரிபார்க்கிறோம், கலிபோர்னியா அனுமதி இல்லாத டியூன் செய்திருந்தால் புகை சுத்தமாக இருந்தாலும் ஃபெயில்தான். டெஸ்டுக்கு முந்தின ராத்திரி பேட்டரியைக் கழற்றி மாட்டி செக் இன்ஜின் விளக்கை அணைத்துக்கொண்டு வராதீர்கள், அது எங்களுக்குத் திரையில் தெரியும், உங்களைத் திருப்பித்தான் அனுப்புவேன். கன்வர்ட்டர் திருடுபோய்ப் புதிது போடுகிறீர்கள் என்றால், கலிபோர்னியாவில் அனுமதித்த எண் அதன்மேல் பொறித்திருக்கிறதா என்று போடும் முன்பே பாருங்கள். இணையத்தில் பாதி விலைக்குக் கிடைப்பதைப் போட்டுக்கொண்டு வந்தால் இரண்டு முறை செலவு. பழுது பார்க்கப் பணம் இல்லாதவர்கள் தயவுசெய்து கூச்சப்படாமல் கேளுங்கள், வருமானம் குறைவானவர்களுக்கு மாநில அரசே பழுதுச் செலவில் உதவும் திட்டம் இருக்கிறது, விண்ணப்பம் எழுத நானே உதவுகிறேன்.

கடைசியாக, நெவாடாவில் விலை குறைவு என்று கார் வாங்கப் போகிறவர்கள். 7,500 மைலுக்குக் கீழே ஓடிய வண்டி, கலிபோர்னியா கணக்கில் புது வண்டிதான். அது கலிபோர்னியா விதிகளுக்கு ஏற்றது என்று சான்று பெற்றிருக்காவிட்டால், இங்கே வசிக்கிறவர் பெயரில் பதிவு ஆகாது. இந்த விதியும் அப்படியேதான் இருக்கிறது. இப்போது வரும் கார்களில் பெரும்பாலானவை 50 மாநிலங்களுக்கும் சேர்த்தே சான்று பெற்றவை, ஆனால் எல்லாமே அப்படி இல்லை, மோட்டார் சைக்கிளில் இன்னும் கவனம் வேண்டும். பானெட்டைத் திறந்தால் உள்ளே எமிஷன் லேபிள் இருக்கும், அதில் கலிபோர்னியா என்று எழுதியிருக்கிறதா என்று படியுங்கள். புரியவில்லை என்றால் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள், ராத்திரி ஆனாலும் பார்த்துச் சொல்கிறேன். பணம் கட்டிய பிறகு அனுப்பினால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது.