புல்பப்: பேர்ல நாய்க்குட்டி இருக்கு, துப்பாக்கியில அது எங்க இருக்கு?

"புல்பப்"னு தமிழ்ல எழுதினா பாதிப் பேருக்கு தரையில முளைக்கற புல்லுதான் ஞாபகம் வரும், கொஞ்சம் இங்கிலீஷ் தெரிஞ்சவங்க "புல்"னா காளை, "பப்"னா குட்டி, அப்போ கன்னுக்குட்டி துப்பாக்கியான்னு கேப்பாங்க. ரெண்டும் இல்ல. சப்பை மூக்கும் அகலமான நெஞ்சும் குட்டைக் காலுமா புல்டாக்னு ஒரு நாய் இருக்கில்ல, அதோட குட்டிதான் புல்பப். நாய்க்குட்டி பேரு எப்படி ஒரு ரைஃபிளுக்கு வந்துச்சு, அத தமிழ்ல எப்படிச் சொல்லணும்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன், இப்ப எழுதிடறேன்.

முதல்ல பொருள். சாதாரண ரைஃபிள்ல முன்னாடியிலேர்ந்து வந்தா குண்டு வெளிய போற குழாய், அதாவது பேரல், அடுத்து தோட்டா வெடிக்கற அறை, அந்த அறைய பின்னாடி மூடற போல்ட், அடியில தோட்டா அடுக்கி வைக்கற மேகசின், அதுக்கும் பின்னாடிதான் ட்ரிகரும் கைப்பிடியும், கடைசியா தோள்ல முட்டுக் கொடுக்கற கட்டை. அந்தக் கட்டை பெரும்பாலும் சும்மாதான் இருக்கு, தோளுக்கும் கைக்கும் நடுவுல இருக்கற தூரத்த நிரப்பறதுதான் அதோட வேலை. புல்பப்ல என்ன பண்ணாங்கன்னா அந்த சும்மா கிடந்த இடத்துக்குள்ளயே போல்ட், தோட்டா அறை, மேகசின் எல்லாத்தையும் தள்ளிட்டாங்க, ட்ரிகரும் கைப்பிடியும் முன்னாடி வந்துடுச்சு. அவ்வளவுதான் விஷயம். ட்ரிகருக்குப் பின்னாடி பொறி, அதாவது போல்ட்டும் தோட்டா அறையும், இருந்தா அது புல்பப், முன்னாடி இருந்தா இல்ல. சின்னதா இருக்கறதெல்லாம் புல்பப்னு சில பேர் எழுதறாங்க, அது தப்பு, கட்டைய மடக்கி வச்ச ஏகே சின்னதாத்தான் இருக்கும், ஆனா அது புல்பப் கிடையாது.

இதனால எவ்வளவு மிச்சம்னு பாக்கணும்னா ரெண்டு துப்பாக்கிய பக்கத்துல வச்சுப் பாத்தா போதும். ஆஸ்திரியாவோட ஸ்டையர் ஏயூஜி, பேரல் 508 மில்லிமீட்டர், மொத்த நீளம் 790. அமெரிக்காவோட எம்16ஏ2, பேரல் அதே 508தான், மொத்தம் ஒரு மீட்டரத் தாண்டிடும். அதையே குட்டையாக்கின எம்4-ல கட்டைய முழுசா இழுத்து வச்சா 838 மில்லிமீட்டர், ஆனா பேரல் 368தான். அதாவது ஏயூஜி எம்4-அ விட குட்டை, அதே நேரம் பேரல் 14 சென்டிமீட்டர் கூடுதல் நீளம். பேரல் நீளமா இருந்தா வெடிமருந்து வாயு குண்ட இன்னும் கொஞ்ச நேரம் தள்ளும், குண்டு வேகமாப் போகும், 5.56 மில்லிமீட்டர் மாதிரி வேகத்தையே நம்பி இருக்கற சின்ன குண்டுக்கு இது ரொம்ப முக்கியம்.

இப்ப பேரு. பிரிட்டன்ல காளையக் கட்டிப் போட்டு நாய்கள ஏவி விடற ஒரு கொடூரமான விளையாட்டு இருந்துச்சு, 1835-ல சட்டம் போட்டு நிறுத்தினாங்க, அதுக்காக வளத்த நாய்தான் புல்டாக், "புல்" அங்கேர்ந்து வந்தது. துப்பாக்கிக்கு இந்தப் பேரு வந்தது இருபதாம் நூற்றாண்டுலதான். பிரிட்டன் ராயல் ஆர்மரீஸ் அருங்காட்சியகத்துல துப்பாக்கிப் பிரிவப் பாத்துக்கற ஜோனத்தன் ஃபெர்குசன் இத தோண்டித் துருவி எழுதியிருக்கார், 1930-கள்ல அமெரிக்காவுல குறி சுடற ஆளுங்க தங்களுக்குன்னு மாத்திக் கட்டின ஒரு வகை பிஸ்டல புல்பப்னு கூப்பிட ஆரம்பிச்சாங்க, குட்டையா, பாக்க லட்சணமில்லாம, ஆனா முரட்டுத்தனமா இருந்ததால புல்டாக் குட்டி மாதிரின்னு. அந்தப் பட்டப்பேரு அப்புறம் இந்த ரைஃபிள் அமைப்புக்கு ஒட்டிக்கிச்சு. இன்னொண்ணு, 1950-கள் கடைசியில அமெரிக்க கடற்படை விமானத்துலேர்ந்து ஏவற ஒரு ஏவுகணைக்கும் புல்பப்னு பேரு வச்சாங்க, பழைய செய்திகள்ல அந்தப் பேரப் பாத்தா குழம்பிடாதீங்க, ரெண்டுக்கும் சம்பந்தமே இல்ல.

பேருக்கு முன்னாடியே பொருள் வந்துடுச்சுங்கறதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம். 1901-லயே தார்னிகிராஃப்ட் கார்பைன்னு ஒரு போல்ட் ஆக்ஷன் (ஒவ்வொரு தடவையும் போல்ட்ட கையால இழுத்துத் தள்ளற) துப்பாக்கி பிரிட்டன்ல வந்துச்சு, இதே அமைப்பு, அப்ப அத யாரும் நாய்க்குட்டின்னு கூப்பிடல. உதை அதிகம், கையாள கஷ்டம்னு ராணுவம் வேணாம்னுடுச்சு. 1951-ல அதே பிரிட்டன் இஎம்-2ங்கற புல்பப்ப ராணுவத்துக்கு ஏத்துக்கிச்சு, ஆனா நேட்டோ முழுக்க ஒரே தோட்டான்னு 7.62 மில்லிமீட்டர் பக்கம் போனதால அது சில மாசத்துலயே கைவிடப்பட்டுச்சு. கடைசியில 1977-ல ஆஸ்திரியா ஏயூஜி, அடுத்து ஃபிரான்ஸ் ஃபமாஸ், 1985-ல பிரிட்டன் எஸ்ஏ80, இப்படி வரிசையா வந்த பிறகுதான் இந்தப் பேரு உலகம் முழுக்க பரவுச்சு.

சரி, இத வச்சிருக்கறவங்களுக்கு நடைமுறையில என்ன லாபம் என்ன நஷ்டம்? நல்லதும் கெட்டதும் எல்லாமே பொறி பின்னாடி போனதாலதான் வருது, அதனாலதான் சொல் விளக்கத்துல இதையும் எழுதறேன், இது புரியாம பேர மொழிபெயர்த்தா தப்பாத்தான் போகும்.

ட்ரிகர்லேர்ந்து ஆரம்பிப்போம். ட்ரிகர் முன்னாடி, தோட்டாவ வெடிக்க வைக்கற சுத்தியல் பின்னாடி, அதனால நடுவுல ஒரு நீளமான கம்பியோ தகடோ போட்டு இணைக்கணும். சைக்கிள்ல பிரேக் ஒயர் புதுசா டைட்டா இருந்தா லேசா தொட்டாலே பிடிக்கும், அதே ஒயர் நீளமா கொஞ்சம் தொளதொளன்னு இருந்தா அழுத்திக்கிட்டே போவோம், எங்க பிடிக்கும்னே தெரியாது, புல்பப் ட்ரிகர் பத்தி வர்ற புகார் முக்கால்வாசி இதுதான். கம்பி வளையுது, உராயுது, விரல் உணரவேண்டிய அந்த கடைசி "டக்" மழுங்கிடுது. குறி பாத்து சுடறவங்களுக்கு இது பெரிய குறை, கிட்டத்துல வேகமா சுடறவங்களுக்கு அவ்வளவா தெரியாது. புது மாடல்கள்ல நிறைய சரி பண்ணிட்டாங்க, ஆனாலும் நேரடியா இணைஞ்ச ட்ரிகரோட சுகம் வராதுன்னுதான் ரெண்டையும் சுட்டவங்க சொல்றாங்க.

மேகசின் மாத்தறது அடுத்தது, இத கொஞ்சம் நிதானமா பாக்கலாம். சாதாரண ரைஃபிள்ல மேகசின் கண்ணுக்கு முன்னாடி, இடது கை இயல்பா போற இடத்துல இருக்கு, பார்வை லேசா தாழ்ந்தா ஓட்டை தெரியும். புல்பப்ல அந்த ஓட்டை கைப்பிடிக்குப் பின்னாடி, கிட்டத்தட்ட உங்க அக்குளுக்குக் கீழ. துப்பாக்கி தோள்லயே இருக்க, இடது கைய நெஞ்சுக்குக் குறுக்க கொண்டு வந்து, முழங்கைய உள்பக்கம் மடக்கி, கண்ணால பாக்காம தடவித் தடவி பழச கழட்டி புதுச சொருகணும். இப்பவே உக்காந்த இடத்துல வலது கை முஷ்டிய முன்னாடி நீட்டி, இடது கையால உங்க வலது அக்குளத் தொட்டுப் பாருங்க, தோள் எப்படி இறுகுதுன்னு தெரியும். குண்டு துளைக்காத சட்டை போட்டிருந்தா இன்னும் சிரமம். பழகினவங்க வேகமா பண்றாங்க, நான் இல்லேங்கல, ஆனா அந்த வேகத்துக்கு அவங்க போட்ட உழைப்பு அதிகம்.

காலி தோட்டா வெளிய வர்ற ஓட்டையும் பின்னாடி வந்துடுச்சு இல்லையா, அப்ப அது எங்க இருக்கும்? கன்னத்துக்குப் பக்கத்துல. வலது கைக்காரருக்கு வலது பக்கம் தெறிச்சா ஒண்ணும் இல்ல, இடது தோள்ல வச்சு சுட்டா சூடான பித்தளை நேரா மூஞ்சியில. பிரிட்டன் எஸ்ஏ80-ல வழியே கிடையாது, இடது கைக்காரங்களும் வலது தோள்லதான் சுடணும், சுவர் மூலையில மறைஞ்சு தோள் மாத்தி சுடணும்னாலும் முடியாது. ஏயூஜியில இடது கை போல்ட் போட்டு ஓட்டைய பக்கம் மாத்திக்கலாம், ஃபமாஸ்லயும் மாத்தலாம், ஆனா முன்கூட்டியே மாத்தி வைக்கணும், சுடற நேரத்துல ஆகாது. பெல்ஜியத்தோட எஃப்2000 காலி தோட்டாவ ஒரு குழாய் வழியா முன்னாடி கொண்டு போய் பேரல் பக்கத்துல தள்ளி விடும், அதுல அழகான ஒரு விஷயம், முதல் சில குண்டு சுடும்போது கீழ எதுவுமே விழாது, குழாய்க்குள்ள ஒண்ண ஒண்ணு தள்ளிக்கிட்டு நிக்கும். பி90-ம் கெல்டெக் ஆர்டிபி-யும் நேரா கீழயே போட்டுடும். என்னக் கேட்டா கீழ போடறதுதான் நல்ல தீர்வு, எந்தத் தோளா இருந்தாலும் கவலை இல்ல.

கன்னம்னு சொன்னதும் இன்னொரு பயம். தோட்டா வெடிக்கற அறை நேரா கன்னத்துக்கு அடியில இருக்கு, கெட்டுப்போன தோட்டா உடைஞ்சு வெடிச்சா? சிங்கப்பூர் 1999-ல கொண்டு வந்த எஸ்ஏஆர்21-ல அந்த இடத்துல கெவ்லார் தகடு வச்சிருக்காங்க, வடிவமைச்சவங்களே இத சீரியஸா எடுத்துக்கிட்டாங்கன்னு அர்த்தம். சத்தமும் கொஞ்சம் கிட்டத்துலேர்ந்து வரும், பேரல் முனையே காதுக்குப் பக்கமா வந்துடுச்சே. சைலன்ஸர் மாட்டினா நீளம் கூடினாலும் கையடக்கமாவே இருக்கும், அது லாபம், ஆனா பின்னாடி திரும்பி வர்ற வாயுவும் புகையும் நேரா மூக்குல ஏறும்.

எடை பின்னாடி இருக்கறதால ஒரு கையில பிடிக்கறது சுலபம். மறுகையால கதவத் திறக்கணும், டார்ச் பிடிக்கணும், வண்டிக்குள்ள உக்காந்திருக்கணும், இந்த மாதிரி நேரத்துல புல்பப் பக்கத்துல வேற எதுவும் வராது, முனை கீழ தொங்காம தோளோட ஒட்டி நிக்கும். ஆனா கட்டைக்குள்ள பொறி இருக்கறதால கட்டைய நீட்டவோ குறைக்கவோ பெரும்பாலும் முடியாது, குட்டையான ஆளுக்கும் உயரமான ஆளுக்கும் ஒரே அளவு. இது வாங்கறவங்க பெருசா யோசிக்காத விஷயம், வாங்கறதுக்கு முன்னாடி தோள்ல வச்சுப் பாக்காம முடிவு பண்ணக்கூடாது.

அமெரிக்காவுல தனி ஆளுங்க இத விரும்பி வாங்கறதுக்கு சட்டமும் ஒரு காரணம். அங்க ரைஃபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் குறைஞ்சாலோ மொத்த நீளம் 26 அங்குலத்துக்குக் குறைஞ்சாலோ 1934 சட்டப்படி தனியா பதிவு பண்ணணும். இஸ்ரேல் எக்ஸ்95 அங்க விக்கற மாடல்ல பேரல் பதினாறரை அங்குலம், மொத்த நீளம் 26 அங்குலம் ஒரு நூல். அந்த ஒரு நூல் தானா வந்ததில்ல, சட்டத்த அளந்து வச்ச அளவு. ஏர் ரைஃபிள்லயும், அதாவது காத்தழுத்தத்துல சுடற பிசிபி வகையில, இப்ப புல்பப் ரொம்ப பிரபலம், அங்க பொறிக்குள்ள வெடி கிடையாது, சூடான பித்தளை கிடையாது, அதனால கெட்டதுல பாதி தானாவே போயிடுது, ட்ரிகர் கம்பி தொல்லையும் சில மாடல்ல கன்னத்துகிட்ட வர்ற லீவரும்தான் மிச்சம்.

ராணுவங்கள் இப்ப கொஞ்சம் கொஞ்சமா விலகுது. ஃபிரான்ஸ் 2016-ல ஃபமாஸுக்கு பதிலா புல்பப் இல்லாத எச்கே416 ரைஃபிள எடுத்துக்கிச்சு, சீனா 2019-ல புல்பப் இல்லாத புது ரைஃபிள காட்டுச்சு. ஆஸ்திரேலியா, குரோஷியா இன்னும் புல்பப்தான். தோத்துடுச்சுன்னு சொல்றது சரியில்ல, குட்டை பேரல்லயும் நல்லா வேலை செய்யற தோட்டாவும் நீட்டிக் குறைக்கற கட்டையும் வந்ததால அதோட லாபம் சுருங்கிடுச்சு.

இப்ப தமிழ்ச் சொல். நேரடியா மொழிபெயர்க்கணும்னா நம்மகிட்ட சொல் இல்லாம இல்ல. தொல்காப்பியம் மரபியல்ல நாய், பன்னி, புலி, முயல் நாலோட குட்டிக்கும் "குருளை"ன்னு பேரு சொல்லியிருக்கு. குருளைத் துப்பாக்கின்னு சொன்னா காதுக்கு எவ்வளவு அழகா இருக்கு! எனக்கே ஆசைதான். ஆனா கேக்கறவருக்கு என்ன புரியும்? சின்ன துப்பாக்கின்னு நினைப்பார், நான் மேல தப்புன்னு சொன்ன அதே இடத்துக்குத்தான் கொண்டு போய் விடும். அமெரிக்காக்காரருக்கு அந்த நாயோட முகம் கண்ணு முன்னாடி வரும், நமக்கு வராது. பட்டப்பேர மொழிபெயர்க்கறதவிட பொருளுக்குப் பேரு வைக்கறதுதான் முறை.

துப்பாக்கிங்கற சொல்லே துருக்கி மொழி வழியா வந்ததுதான், குறள்ல வர்ற "துப்பாக்கி" மழை உணவ உண்டாக்கறதச் சொல்றது, அதுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல. ஈழத்துல சொல்ற துவக்கும் அதே வேர்தான். ஆனா தோள்ல வைக்கற கட்டைக்கு ஈழத் தமிழ்ல "பிடங்கு"ன்னு நல்ல சொல் புழங்குது, நம்ம பக்கம் எழுதறவங்களும் எடுத்துக்கலாம். பொறி பிடங்குக்குள்ள இருக்கறதால "பிடங்குப்பொறித் துப்பாக்கி"ன்னு சொன்னா அச்சு அசலா பொருந்தும், ஆனா வாய்ல நுழைய கொஞ்சம் கஷ்டம். அதனால நான் "பின்பொறித் துப்பாக்கி"ன்னு எழுதறேன். இதுல ஒரு வசதி, எதிர்ச்சொல் தானா கிடைச்சுடுது, சாதாரண அமைப்பு "முன்பொறி". எதுக்கு முன்னாடி, எதுக்குப் பின்னாடின்னு யாராவது கேட்டா ட்ரிகருக்குன்னு ஒரே வார்த்தையில பதில் சொல்லிடலாம். பேச்சுல புல்பப்னே சொல்லுங்க, தப்பில்ல, கட்டுரை எழுதும்போது முதல் தடவை "பின்பொறித் துப்பாக்கி, அதாவது புல்பப்"னு போட்டுட்டு அடுத்த வரியிலேர்ந்து பின்பொறின்னு மட்டும் எழுதினா போதும்: "ஏயூஜி ஒரு பின்பொறித் துப்பாக்கி, எம்4 முன்பொறி."