வெளியேறச் சொன்னது யார்? காப்பீடு கேட்கும் முதல் கேள்வி

"வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒன்பது நாள் வெளியே தங்கியிருந்தோம். அந்தச் செலவு கிடைக்குமா?"

ஊரைக் காலி செய்யச் சொன்ன ஒவ்வொரு பேரிடருக்குப் பிறகும் இந்தக் கேள்வி என் மேசைக்கு வரும். கேட்பவர் குரலில் ஒரு தயக்கம் இருக்கும். வீடு எரிந்தால், இடிந்தால்தானே காப்பீடு, சும்மா வெளியே போய்த் தங்கியதற்கு யார் பணம் தரப்போகிறார்கள் என்ற தயக்கம். கிளெய்ம்களைப் பரிசீலிக்கும் வேலையில் இருப்பதால் இரண்டு வகை ஆட்களையும் பார்க்கிறேன். தயங்கித் தயங்கிக் கேட்காமலேயே விட்டவர்கள் ஒரு வகை. எல்லாமே கிடைத்துவிடும் என்று நம்பிச் செலவழித்துவிட்டு, ஒரு ரசீதுகூட இல்லாமல் வந்து நிற்பவர்கள் இன்னொரு வகை. இரண்டு பேருமே பாலிசியைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். படித்துவிட்டு வருகிற ஒருவரைக் கண்டால் எனக்கு எழுந்து நின்று வணக்கம் சொல்லத் தோன்றும்.

வீட்டுக் காப்பீடு என்றதும் கட்டடமும் அதற்குள் இருக்கும் பொருட்களும்தான் நினைவுக்கு வரும். பல பாலிசிகளில் மூன்றாவதாக ஒரு பகுதி உண்டு. வீட்டில் வசிக்க முடியாமல் போவதால் நமக்கு ஏற்படும் கூடுதல் செலவுக்கானது அது. மாற்று இடத்துக்கான வாடகை, வெளியே சாப்பிடும் செலவு, துணி துவைக்கும் செலவு, வேலைக்கும் பள்ளிக்கும் கூடுதல் தூரம் போய்வரும் செலவு எல்லாம் இதில் அடங்கும். வெளியேற்றத்தின்போது கைகொடுப்பது இந்தப் பகுதிதான். சில பாலிசிகளில் இது உள்ளேயே இருக்கும், சிலவற்றில் தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும், சிலவற்றில் இருக்கவே இருக்காது.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு நான் அடிக்கடி சொல்லும் உதாரணம் கனடாவின் ஃபோர்ட் மெக்மரி. 2016 மே 3ஆம் தேதி, காட்டுத்தீ நெருங்கியதால் அந்த நகரம் முழுவதையும் காலி செய்ய உத்தரவு வந்தது. 80,000க்கும் அதிகமானோர் வெளியேறினார்கள். ஏறத்தாழ 2,400 கட்டடங்கள் அழிந்தன. அதாவது, நகரத்தின் பெரும்பாலான வீடுகள் எரியாமல் நின்றன. ஆனாலும் ஜூன் 1ஆம் தேதியிலிருந்துதான் மக்களைப் படிப்படியாகத் திரும்ப விட்டார்கள். வீடு இருக்கிறது, சாவியும் கையில் இருக்கிறது, நான்கு வாரமாக உள்ளே போக முடியாது. அந்த நான்கு வாரமும் எங்கேயாவது தங்கவேண்டும், சாப்பிடவேண்டும். வீட்டைக் கட்டிக்கொடுக்கும் காப்பீடு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. தங்குமிடச் செலவுக்கான காப்பீடுதான் தேவைப்பட்டது.

சரி, இந்தப் பணம் எப்போது கிடைக்கும்? நாங்கள் முதலில் பார்ப்பது, உங்களை வெளியேறச் சொன்னது யார் என்பதைத்தான். அதிகாரமுள்ள அரசு அமைப்பு கட்டாய உத்தரவு போட்டதா, அல்லது "வெளியேறுவது நல்லது" என்று அறிவுரை சொன்னதா? கேட்க ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் ஒன்றல்ல. பல பாலிசிகள் கட்டாய உத்தரவைத்தான் ஏற்கும். பயந்துபோய் நாமாகவே கிளம்பினால், அந்த நாட்களுக்கு ஒன்றும் கிடைக்காமல் போகலாம். இதைப் படித்துவிட்டு யாரும் உத்தரவுக்காகக் காத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டாம். இரண்டு நாள் வாடகைக்காக உயிரைப் பணயம் வைக்கிற கணக்கு எந்த ஊரிலும் சரிவராது. கிளம்புங்கள். உத்தரவு பிறகு வந்தால், அது வந்த தேதியையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசியில் வந்த எச்சரிக்கைக் குறுஞ்செய்தியை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்த ஒரு படம்தான் பேசும்.

அடுத்து, எதனால் வெளியேறினீர்கள் என்ற கேள்வி. பெரும்பாலானவர்கள் சறுக்கும் இடம் இது. அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் வீட்டு பாலிசியின் வாசகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்து இடங்களில், பாலிசி ஏற்றுக்கொண்ட ஆபத்து ஒன்றினால் நேரடிச் சேதம் ஏற்பட்டு, அதன் காரணமாக அரசு உங்களை வீட்டுக்குள் போகவிடாமல் தடுத்திருக்க வேண்டும் என்கிறது அது. அப்படித் தடுத்தாலும் இரண்டு வாரத்துக்கு மட்டுமே செலவு கிடைக்கும். இதை மெதுவாகப் படித்தால் இரண்டு பொறிகள் தெரியும். புயல் நாளை கரையைக் கடக்கும் என்று இன்றே ஊரைக் காலி செய்கிறார்கள். அந்த நிமிடம் அக்கம்பக்கத்தில் ஒரு ஓடுகூட உடையவில்லை. அப்படியானால் 'பக்கத்து இடத்துச் சேதம்' எங்கே? சில நிறுவனங்கள் இதைத் தளர்த்தித் தனிப்பிரிவு வைத்திருக்கின்றன, சில வார்த்தைக்கு வார்த்தை பிடித்துக்கொள்கின்றன. உங்கள் பாலிசி எந்தப் பக்கம் என்று வெயில் அடிக்கும் நாளிலேயே கேட்டுவிடுவது நல்லது.

இரண்டாவது பொறி 'ஏற்றுக்கொண்ட ஆபத்து' என்ற சொல்லில் இருக்கிறது. அதே அமெரிக்க பாலிசியில் வெள்ளம் சேராது. அதற்குத் தனியாக எடுக்கவேண்டும். அங்குள்ள தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் கட்டடத்துக்கும் பொருட்களுக்கும் பணம் தரும், ஆனால் வெளியே தங்கும் செலவைத் தராது. தண்ணீருக்குப் பயந்து ஓடியவரிடம் இரண்டு பாலிசி இருந்தும் தங்குமிடத்துக்கு ஒன்றும் கிடைக்காமல் போவது இப்படித்தான். 2005இல் கத்ரீனா சூறாவளிக்குப் பிறகு, வீட்டை அழித்தது காற்றா தண்ணீரா என்று ஆண்டுக்கணக்கில் வழக்குகள் நடந்ததும், காற்றுச் சேதம் சேரும், வெள்ளம் சேராது என்ற இந்தக் கோட்டின் மேல்தான். எந்த நாட்டு பாலிசியானாலும் வெள்ளம், நிலநடுக்கம், நிலச்சரிவு இந்த மூன்றும் உள்ளே இருக்கின்றனவா என்று தேடிப் பாருங்கள்.

இப்போது பணக் கணக்கு. 'கூடுதல்' என்ற சொல்லைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். வீட்டில் இருக்கும்போது ஒரு வாரச் சாப்பாட்டுச் செலவு 100 என்று வைத்துக்கொள்வோம். வெளியே தங்கியபோது அது 260 ஆனது. நிறுவனம் தருவது 260 அல்ல, 160. வீட்டுக் கடன் தவணை? அதை எப்படியும் கட்டியிருப்பீர்கள், அதனால் வராது. வீடு பூட்டியிருந்ததால் மின்கட்டணம் குறைந்திருந்தால் அதைக் கழிக்கவும் இடமுண்டு. ஆகவே வெளியே இருந்த நாட்களின் ரசீதுகள் மட்டும் போதாது, வழக்கமான மாதம் எவ்வளவு செலவாகும் என்பதற்கும் ஆதாரம் வேண்டும். முந்தைய இரண்டு மூன்று மாத வங்கிக் கணக்கு அறிக்கை இதற்குப் போதும். தங்கும் இடமும் நீங்கள் வாழ்ந்த வாழ்க்கைக்கு ஏற்றதாக இருக்கவேண்டும். இரண்டு அறை வீட்டிலிருந்து வந்தவர் கடல் பார்த்த சொகுசு அறைக்கு ரசீது நீட்டினால், அதை வாங்குகிற என் நிலைமையையும் யோசித்துப் பாருங்கள்.

உறவினர் வீட்டில் தங்கியவர்கள் தங்களுக்கு ஒன்றும் கிடையாது என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். வாடகை கொடுக்காதபோது வாடகை கேட்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் கூடுதல் பயணச் செலவும் வளர்ப்பு நாயைக் காப்பகத்தில் விட்ட செலவும் உண்மையான செலவுகள்தானே. கேளுங்கள்.

கையோடு எடுத்துப்போகும் பொருட்களைப் பற்றி யாரும் கேட்பதில்லை. நான் முன்பு சொன்ன அமெரிக்க பாலிசியில் ஒரு நல்ல வரி உண்டு. ஏற்கப்பட்ட ஆபத்தினால் வீடு ஆபத்தில் இருக்கும்போது அங்கிருந்து எடுத்துச்செல்லும் பொருட்களுக்கு, எடுத்துச்செல்லும்போதும் பிறகு 30 நாள் வரையிலும், எந்தக் காரணத்தால் நேரடி இழப்பு வந்தாலும் காப்பு உண்டு. அதாவது, வீட்டுக்குள் இருந்தபோது இருந்ததைவிட வழியில் அதிகப் பாதுகாப்பு! மற்ற பாலிசிகளில் இது எப்படி என்று பார்த்துக்கொள்ளவேண்டும்.

வாடகைக்கு இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு உரிமையாளரின் காப்பீடு உங்கள் பொருட்களையும் காக்காது, தங்குமிடச் செலவையும் தராது. குடியிருப்பவருக்கான தனி பாலிசி பெரும்பாலும் மலிவானது. தங்குமிடச் செலவு அதில் பல நேரம் இருக்கும். அதேபோல, கடன் வாங்கும்போது வங்கி எடுக்கச் சொன்ன பாலிசி பல சமயம் கட்டடத்துக்கு மட்டும்தான். அது வங்கியின் பணத்தைக் காக்க எடுத்தது. "வங்கியிலேயே போட்டுவிட்டார்கள்" என்று நிம்மதியாக இருப்பவர்கள் அந்தக் காகிதத்தை இன்றிரவு எடுத்துப் பாருங்கள்.

புயல் பெயர் சொல்லி வரத் தொடங்கியபின் பாலிசி எடுக்க முடியுமா என்று ஏஜென்டுகளிடம் கேட்பார்கள். பல நிறுவனங்கள் அந்தச் சமயத்தில் புது பாலிசி கொடுப்பதையே நிறுத்திவைக்கும். அமெரிக்க வெள்ளக் காப்பீட்டுக்கு வழக்கமான காத்திருப்புக் காலமே 30 நாள்.

வெளியேறிய மறுநாளே நிறுவனத்தின் உதவி எண்ணுக்குத் தகவல் சொல்லிவிடுங்கள். வீட்டுச் சேதம் தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முன்பணம் உண்டா என்று நேராகக் கேளுங்கள். பெரிய பேரிடர்களில் தருவதுண்டு, ஆனால் கேட்காதவர்களைத் தேடிவந்து தருவது அபூர்வம். வீடு நீண்ட நாள் பூட்டிக் கிடக்கப்போகிறது என்றாலும் சொல்லவேண்டும். ஆள் இல்லாத வீட்டில் குறிப்பிட்ட நாட்களுக்குப் பிறகு நடக்கும் திருட்டையோ தண்ணீர்க் கசிவையோ ஏற்காத நிபந்தனை பல பாலிசிகளில் உண்டு. நேரம் இருந்தால் கிளம்பும்போது தண்ணீர், எரிவாயு வால்வுகளை மூடிவிடுங்கள்.

திரும்பி வந்ததும் எல்லோருக்கும் கை பரபரக்கும், உடனே கழுவித் துடைக்க. அதற்கு முன்பு ஒவ்வொரு அறையையும் வீடியோ எடுங்கள். கெட்டுப்போன பொருட்களைத் தூக்கி எறியும் முன் பட்டியல் போடுங்கள், மாடல் எண் தெரியும்படி படமெடுங்கள். அப்புறம், வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்த குளிர்சாதனப் பெட்டியைத் திறக்காதீர்கள். ஃபோர்ட் மெக்மரியில் அப்படிக் கிடந்த பெட்டிகளை டேப் ஒட்டி மூடி, அப்படியே தெருவோரம் வைத்தார்கள். உள்ளே என்னென்ன இருந்தன என்பதை நினைவிலிருந்து எழுதிக் கொடுத்தாலும் நாங்கள் ஏற்றுக்கொள்வோம்.